ஆபத்து முடிந்துவிட்டது என்று மனத்துக்கு யார் சொல்வது?



தேக்காவிலிருந்து சிராங்கூன் சாலை வழியாக நடந்தால் சற்றுத் தொலைவில் ஓவன் சாலை வந்து சேரும். அந்தச் சந்திப்பில், 1986ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் தேதி, ஆறு மாடிக் கட்டடம் ஒன்று ஒரு நிமிடத்துக்குள் இடிந்து தரைமட்டமானது. ஹோட்டல் நியூ வோர்ல்டு விபத்து என்று பழைய தலைமுறையினர் அதை நினைவில் வைத்திருக்கிறார்கள். இடிபாடுகளுக்குள் சுரங்கம் தோண்டி 17 பேரை உயிருடன் மீட்டார்கள். 33 பேர் மாண்டுபோனார்கள்.

மாண்டவர்களுக்குக் கணக்கு உண்டு. மீண்டவர்களுக்கும் உண்டு. மீண்டவர்களும், அவர்களைத் தேடி உள்ளே ஊர்ந்து போனவர்களும், உறவினரின் பெயரைச் சொல்லிக்கொண்டு வெளியே நின்றவர்களும் அதற்குப் பிறகு எப்படித் தூங்கினார்கள் என்ற கணக்கு மட்டும் எந்தப் பதிவேட்டிலும் ஏறுவதில்லை. இன்றைய உரை அந்தப் பதிவாகாத கணக்கைப் பற்றியது.

பெரிய விபத்துகளை விட்டுவிடலாம். கட்டுமானத் தளத்தில் கூட வேலை பார்த்தவர் சாரத்திலிருந்து விழுவதைப் பார்த்தவர், சாலையில் மோட்டார் சைக்கிள் மோதிப் பிழைத்தவர், வீட்டுக்குள்ளேயே அடி வாங்கி வாழ்ந்தவர், காலையில் பேசிய கணவரை மாலையில் சவக்கிடங்கில் அடையாளம் காட்டியவர் என்று இப்படிப்பட்ட பெரியவர்கள் எல்லா வட்டாரங்களிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு உளவியல் சிகிச்சையாளர் என்னதான் செய்கிறார்? "பேசினால் எல்லாம் சரியாகிவிடுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் தேவைப்படுகிறது.

உடம்பு வழியாக வரும் புகார்

தமிழ் பேசும் ஒருவர் "எனக்கு மனப்பதற்றம்" என்று சொல்லிக்கொண்டு மருத்துவரிடம் போவது குறைவு. "நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது", "தலை கிறுகிறுங்குது", "வயித்துக்குள்ள என்னவோ பண்ணுது", "கை கால் வெலவெலத்துப் போச்சு" என்றுதான் போவார். பலதுறை மருந்தகத்தில் இசிஜி எடுப்பார்கள். ரத்தப் பரிசோதனை செய்வார்கள். எல்லாம் சரியாக இருக்கும். "உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்புவார்கள். வீட்டுக்கு வந்தவருக்கு அந்தச் சொல்லே புதுப் பாரமாகிவிடும். ஒன்றுமில்லை என்றால் ஏன் இப்படி அடித்துக்கொள்கிறது? ஒருவேளை பைத்தியம் பிடிக்கிறதோ?

நெஞ்சுவலி முதன்முறையாக வந்தால் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். அதில் இரண்டு கருத்து இல்லை. இதயத்தில் கோளாறு இல்லை என்று உறுதியான பிறகும் படபடப்பு தொடர்ந்தால், சிகிச்சையாளர் முதலில் செய்வது அந்தப் படபடப்புக்குக் காரணம் சொல்வது.

மனித மூளையின் ஆழத்தில் அமிக்டலா என்று பாதாம் பருப்பளவில் ஒரு பகுதி இருக்கிறது. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. அது மணியடித்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும், தசைகள் இறுகும், மூச்சு வாங்கும். ஓடவோ எதிர்த்து நிற்கவோ உடம்பு தயாராகிறது. மூச்சு வேகமாகும்போது ரத்தத்தில் கரியமில வாயு குறையும். அதனால்தான் விரல் நுனி மரத்து, தலை சுற்றுகிறது. பயங்கரமாக இருந்தாலும் இந்த நிலை சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய், பிறகு தானாகவே இறங்கிவிடும்.

கடுமையான அதிர்ச்சிக்கு ஆளானவர்களிடம் இந்த மணி பழுதாகிவிடுவதில்லை. அளவுக்கு மீறிக் கூர்மையாகிவிடுகிறது. லாரியின் ஹாரன், வெல்டிங் வாடை, கதவு அறையும் சத்தம் என்று ஏதாவது ஒன்று போதும். மாதங்கள் கடந்திருந்தாலும் உடம்பு அந்தப் பழைய நாளுக்கே போய் நின்றுவிடும். கெட்ட கனவு, திடுக்கிடல், எரிச்சல், அந்த இடத்தை ஒதுக்குதல் எல்லாம் இதன் கிளைகள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 1980ஆம் ஆண்டில்தான் இதை அதிர்ச்சிக்குப் பிந்தைய மனவுளைச்சல் நோய் என்று பெயரிட்டுத் தன் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்னும் நோய் இருந்தது, பெயர்தான் இல்லை. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோகப்பட்டு உயிரோடு திரும்பிய மலாயாத் தமிழர்களுக்கு, தங்கள் இரவுகளை விளக்க ஒரு சொல்லும் கையில் இல்லை.

எல்லாருக்கும் நோயாவதில்லை

இங்கே ஆறுதலான ஒரு செய்தியும் உண்டு. உலகில் சுமார் 70 விழுக்காட்டினர் வாழ்நாளில் ஒரு முறையாவது பெரும் அதிர்ச்சி தரக்கூடிய சம்பவத்தைச் சந்திக்கிறார்கள் என்றும், அவர்களில் 5.6 விழுக்காட்டினருக்கே அது இந்த நோயாக மாறுகிறது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. முதல் சில வாரங்களில் தூக்கம் கெடுவதும் அழுகை வருவதும் இயல்பு. உறவும் ஓய்வும் கிடைத்தால் பெரும்பாலோர் தாமாகவே தேறிவிடுவார்கள்.

அதனால் விபத்து நடந்த மறுநாளே ஒருவரை உட்கார வைத்து, "என்ன நடந்தது, ஒன்று விடாமல் சொல்லு" என்று கிளறக்கூடாது. ஒரு காலத்தில் நிபுணர்களே அப்படிச் செய்தார்கள். ஒரே அமர்வில் எல்லாவற்றையும் பேசவைக்கும் அந்த முறை, நோய் வராமல் தடுக்கவில்லை என்று ஆய்வுகள் பின்னர் காட்டின. முதல் நாட்களில் தேவைப்படுவது சாப்பாடு, தூங்க இடம், ஊருக்குப் போன் செய்ய வசதி, பக்கத்தில் ஒருவர். அவராகப் பேசினால் கேட்கலாம். ஒரு மாதத்துக்கு மேலாகியும் கனவும் திடுக்கிடலும் குறையவில்லை, வேலையும் குடும்பமும் பாதிக்கப்படுகின்றன என்றால் அப்போது சிகிச்சையை நாட வேண்டும்.

முதலில் ஆபத்து உண்மையிலேயே முடிந்திருக்க வேண்டும்

நல்ல சிகிச்சையாளர் முதல் அமர்வில் பழைய கதையைத் தோண்டமாட்டார். இன்றைய நிலைமையைக் கேட்பார். எங்கே தங்கியிருக்கிறீர்கள்? கடன்காரர் மிரட்டுகிறாரா? அடிக்கும் கணவர் இன்னும் அதே வீட்டில் இருக்கிறாரா? குடிப்பழக்கம் உண்டா? உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா? இவற்றுக்குப் பதில் தெரியாமல் மூச்சுப் பயிற்சி சொல்லிக் கொடுப்பதில் பயன் இல்லை. ஆபத்து நடந்துகொண்டிருக்கும்போது அடிக்கும் மணி பொய் மணி அல்ல.

தேக்காவுக்கு ஞாயிற்றுக்கிழமை வந்து போகும் வெளிநாட்டு ஊழியர்களின் நிலையை வைத்து இதைப் புரிந்துகொள்ளலாம். சிங்கப்பூர் நிர்வாகப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் தெற்காசிய ஊழியர்களின் மனநலம் பற்றி 2015ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வேலையிடக் காயத்துக்கோ வராத சம்பளத்துக்கோ கோரிக்கை வைத்துவிட்டு முடிவுக்காகக் காத்திருந்தவர்களில் 60 விழுக்காட்டுக்கும் அதிகமானோர், கடும் மனநோய்க்கான வாய்ப்பைச் சுட்டும் கேள்வித்தாளில் அபாய அளவைத் தாண்டியிருந்தார்கள். அது மருத்துவர் பார்த்துச் சொன்ன முடிவல்ல, முதற்கட்டச் சோதனைதான். ஆனாலும் காரணமாக அந்த ஆய்வு காட்டியவை கவனிக்கத்தக்கவை. ஊருக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற மிரட்டலும், முகவருக்குக் கட்டிய பணத்தின் கடனும் முன்னணியில் நின்றன.

அப்படிப்பட்டவருக்கு வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று விளக்கிச் சொல்வதும், சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் வழி காட்டுவதும் சிகிச்சையின் பகுதிதான். 2020 ஏப்ரலில் கொவிட் பரவியபோது, தங்குவிடுதிகளில் இருந்த 3 லட்சத்துக்கும் அதிகமான ஊழியர்கள் மாதக்கணக்கில் வெளியே வரமுடியாமல் இருந்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் மனிதவள அமைச்சு, மனநலக் கழகம், ஹெல்த்சர்வ் அமைப்பு முதலியவை சேர்ந்து 'புராஜெக்ட் டான்' என்ற பணிக்குழுவைத் தொடங்கின. தாய்மொழியில் பேசக்கூடிய ஆலோசகர்களின் தேவையும், தங்குவிடுதிக்குள்ளேயே ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளும் நண்பர்களைப் பயிற்றுவிக்கும் தேவையும் அப்போது தெளிவாகத் தெரிந்தன.

பெருமூச்சும் மந்திரமும்

பாதுகாப்பு உறுதியான பிறகு வருவது உடம்பை அமைதிப்படுத்தும் கட்டம். இதில் தமிழர்களுக்கு நெருக்கமான ஓர் அனுபவம் யாழ்ப்பாணத்திலிருந்து கிடைக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் மனநல மருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போர்க்காலத்தில் அங்கேயே தங்கி மக்களுக்குச் சிகிச்சை அளித்தவர். போர் மக்கள் மனத்தில் விட்டுச்சென்ற வடுவைப் பற்றி 'மனவடு' என்று தமிழிலேயே நூல் எழுதியவர். தம்மிடம் வந்தவர்கள் துயரத்தை உடல்வலியாகவும் பெருமூச்சாகவும் வெளிப்படுத்தியதை அவர் கவனித்தார். 1987ஆம் ஆண்டு முதல் இயங்கிவரும் 'சாந்திகம்' என்ற ஆலோசனை நிலையமும் அதே மண்ணில் உருவானதுதான்.

அங்கே கையாண்ட வழி எளிமையானது. மூச்சைக் கவனித்தல், தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்துதல், சாந்தி ஆசனம் ஆகியவற்றோடு, அவரவர் சமயத்தின் சொல்லையே மெல்லத் திரும்பத் திரும்பச் சொல்லவைத்தார்கள். இந்துவுக்கு ஓம், கிறிஸ்துவருக்கு இயேசுவின் பெயர், முஸ்லிமுக்குத் திக்ரு. ஒரே சொல்லைச் சீராகச் சொல்லும்போது மூச்சும் சீராகிறது; மனம் அலைவதும் குறைகிறது. பாட்டிமார் செய்து வந்ததுதான். புதிதாகச் சேர்ந்தது அதை ஏன் செய்கிறோம் என்ற விளக்கமும், தினமும் செய்யும் ஒழுங்கும்.

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்கள் நான்கு எண்ணும்வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும்வரை மெதுவாக விடலாம். இழுப்பதைவிட விடுவது நீளமாக இருக்க வேண்டும். படபடப்பு வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது. அமைதியாக இருக்கும்போதே காலையில் ஐந்து நிமிடம், இரவில் ஐந்து நிமிடம் பழகிக்கொள்ள வேண்டும்.

ஒதுங்கி நிற்பதுதான் பயத்துக்குத் தீனி

இத்தோடு நிறுத்திவிட்டால் பாதிக் கிணறு தாண்டியதாகத்தான் ஆகும். மூச்சுப் பயிற்சி படபடப்பைத் தணிக்கும். பயத்தை வேரோடு எடுக்காது. பயத்தை வளர்ப்பது எது என்றால், பயந்த இடத்தைத் தவிர்ப்பதுதான்.

ஒரு கற்பனை எடுத்துக்காட்டு: ஹவ்காங்கில் வசிக்கும் ஐம்பது வயது அம்மா ஒருவர். சிராங்கூன் சாலையைக் கடக்கும்போது மோட்டார் சைக்கிள் மோதிக் காலெலும்பு முறிந்தது. கால் குணமாகிவிட்டது. ஆனால், எட்டு மாதமாகத் தேக்கா பக்கமே வருவதில்லை. காய்கறி, பூ, வெற்றிலை எல்லாம் மகள்தான் வாங்கி வருகிறாள். வீட்டில் எல்லாரும் அன்பாகத்தான் இருக்கிறார்கள். "நீங்க போக வேணாம்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்கிறார்கள். போகாமல் இருந்த ஒவ்வொரு முறையும் அந்த அம்மாவுக்கு நிம்மதியாக இருந்தது. 'போகாததால்தான் பிழைத்தோம்' என்று அவருடைய மூளை பாடம் படித்துக்கொண்டது. முதலில் சிராங்கூன் சாலைதான் பயம். பிறகு எந்தப் பெரிய சாலையும் பயம். பிறகு புளோக்குக்குக் கீழே இறங்குவதே பயம்.

சிகிச்சையாளர் அந்த அம்மாவோடு உட்கார்ந்து ஒரு படிக்கட்டு போடுவார். எந்தப் படி எவ்வளவு பயம் என்று பூஜ்யத்திலிருந்து நூறு வரை எண் கொடுக்கச் சொல்வார். முதற்படி, வீட்டிலிருந்தபடியே சிராங்கூன் சாலையின் படத்தைப் பார்ப்பது. இரண்டாவது, கீழே பேருந்து நிறுத்தத்தில் பதினைந்து நிமிடம் உட்கார்ந்திருப்பது. மூன்றாவது, மகளோடு வடகிழக்குப் பாதை ரயிலேறி லிட்டில் இந்தியா நிலையம் வரை வந்து, வெளியே போகாமல் திரும்புவது. நான்காவது, வார நாள் காலையில் பஃப்ளோ சாலைக்கு வந்து தேக்கா சந்தையில் ஒரு கட்டு கீரை வாங்குவது. ஐந்தாவது, மகளோடு பச்சை விளக்கில் சிராங்கூன் சாலையைக் கடப்பது. ஆறாவது, மகள் இந்தப் பக்கம் நிற்க, அவர் தனியாகக் கடப்பது. கடைசிப் படி, ஞாயிற்றுக்கிழமை மாலைக் கூட்டத்தில் நடப்பது.

ஒவ்வொரு படியிலும் விதி ஒன்றுதான். பயம் உச்சத்தில் இருக்கும்போது திரும்பி ஓடக்கூடாது. அது தணியும்வரை அங்கேயே இருக்க வேண்டும். எண்பதிலிருந்த எண் நாற்பதுக்கு இறங்குவதை அவரே பார்க்க வேண்டும். "ஆபத்து முடிந்துவிட்டது" என்று மகளும் மருத்துவரும் நூறு முறை சொல்லியிருப்பார்கள். மனம் நம்பவில்லை. கையில் கீரைக் கட்டோடு வீடு திரும்பிய அன்று அது நம்பத் தொடங்குகிறது. பயம் போன பிறகு போகலாம் என்று காத்திருப்பவர்களுக்கு அந்த நாள் வருவதில்லை. போய்ப் பழகினால் பயம் குறைகிறது.

கயிறும் கல்லும் பூவும்

சிலருடைய பயம் ஓர் இடத்தில் இல்லை, நினைவுக்குள் இருக்கிறது. ஒதுக்க நினைக்கும்தோறும் அது இரவில் வந்து நிற்கும். இவர்களுக்கு அந்த நினைவையே, பாதுகாப்பான அறையில், தயாரான பிறகு, ஒழுங்காகச் சொல்ல வைக்கிறார்கள்.

போரிலும் அகதி முகாமிலும் அல்லல்பட்டவர்களுக்காக ஜெர்மனியில் உருவான ஒரு முறையில், ஒரு கயிற்றைத் தரையில் விரிப்பார்கள். அதுதான் வாழ்க்கை. ஒரு நுனி பிறப்பு. நல்லது நடந்த இடங்களில் பூ வைக்க வேண்டும். கொடியது நடந்த இடங்களில் கல். மீதமுள்ள கயிறு சுருட்டியபடியே இருக்கும், ஏனென்றால் வாழ்க்கை இன்னும் இருக்கிறது. பிறகு வரும் அமர்வுகளில் கல் வைத்த ஒவ்வொரு இடத்தையும் முன்னும் பின்னுமாக, எந்த வயது, எந்த ஊர், என்ன வாடை, என்ன சத்தம், பிறகு என்ன ஆனது என்று கதையாகச் சொல்வார்கள். சிகிச்சையாளர் அதை எழுதி, அடுத்த முறை படித்துக் காட்டுவார்.

இதனால் என்ன பயன்? துண்டு துண்டாகச் சிதறிய நினைவுக்கு அப்போது தேதி கிடைக்கிறது. 'இது இப்போது நடக்கிறது' என்று அலறிக்கொண்டிருந்த உடம்பு, 'அது அன்று நடந்தது' என்று புரிந்துகொள்கிறது. கல் எங்கும் போய்விடாது. ஆனால், கயிற்றில் கல் மட்டும் இல்லை என்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. இத்தகைய சிகிச்சை பொதுவாக 8 முதல் 12 அமர்வுகள் வரை நீடிக்கும். பல கொடுமைகளைத் தாண்டி வந்தவர்களுக்குக் கூடுதலாகத் தேவைப்படும்.

"என் தப்புதான்"

பயத்தைவிட ஆழமாகக் குத்துவது குற்றவுணர்வு. கூட வேலை செய்தவர் விழுந்ததைப் பார்த்த தம்பி, "எட்டிப் பிடிச்சிருக்கலாம்ண்ணே, நான்தான் விட்டுட்டேன்" என்பார். "அப்படியெல்லாம் நினைக்காதே" என்றால் அது உதவாது. சிகிச்சையாளர் ஒரு தாளில் வட்டம் வரைந்து, அந்த விபத்துக்குக் காரணமான ஒவ்வொன்றுக்கும் பங்கு பிரிக்கச் சொல்வார். மழையில் வழுக்கிய பலகைக்கு எவ்வளவு? மாட்டாத பாதுகாப்பு வாருக்கு எவ்வளவு? அவசரப்படுத்திய மேற்பார்வையாளருக்கு எவ்வளவு? எல்லாவற்றுக்கும் கொடுத்த பிறகு கடைசியாகத் தன் பங்கை எழுதச் சொல்வார். நூறு என்று நினைத்து வந்தவர் அங்கே ஐந்துக்கும் இடமில்லாததைப் பார்ப்பார். அந்த முடிவுக்கு அவரே வந்ததால் அது நிலைக்கும்.

மாத்திரையும் மதுவும்

மனநல மருத்துவர் தரும் சில மாத்திரைகள், குறிப்பாகச் சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தருபவை, பலருக்கு உதவுகின்றன. அவற்றை நடுவில் தாமாக நிறுத்தக்கூடாது. ஆனால், அதிர்ச்சி நடந்த முதல் மாதத்தில் அதன் அறிகுறிகளுக்கு பென்சோடயாஸபின் வகைத் தூக்க மாத்திரைகளைத் தர வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2013ஆம் ஆண்டிலேயே பரிந்துரைத்தது. மதுவும் அப்படித்தான். முதல் இரவு தூக்கம் தரும். பத்தாவது இரவில் தூக்கத்தையே பறித்துவிடும்.

வெட்கமும் பயமும்

மனநலக் கழகம் 2016ஆம் ஆண்டில் தொடங்கிய தேசிய ஆய்வில், சிங்கப்பூரர், நிரந்தரவாசிகளில் ஏழு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஏதாவதொரு மனநலப் பிரச்சினைக்கு ஆளானதாகத் தெரியவந்தது. பாதிக்கப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் அதிகமானோர் உதவியை நாடவே இல்லை.

காரணம் தெரியாததல்ல. 1928ஆம் ஆண்டில் தொடங்கிய மனநல மருத்துவமனை 1951 முதல் உட்பிரிட்ஜ் என்ற பெயரில் இயங்கியது. அந்தப் பெயர் ஊரில் வசைச்சொல்லாகிவிட்டது. மருத்துவமனை 1993ஆம் ஆண்டில் புவாங்கோக்குக்கு இடம் மாறிவிட்டது. வெட்கம் மட்டும் பல வீடுகளில் அப்படியே இருக்கிறது. பெண் பார்க்க வருகிறவர்களுக்குத் தெரிந்தால் என்னாவது என்ற கவலை ஒரு பக்கம். வேலை அனுமதி போய்விடுமோ என்ற பயம் இன்னொரு பக்கம். "சாகத் தோன்றுகிறது" என்று வாய் திறந்தால் போலீஸ் வழக்காகுமோ என்று இன்னும் நினைப்பவர்கள் உண்டு. தற்கொலை முயற்சி 2020 ஜனவரி 1 முதல் சிங்கப்பூரில் குற்றம் அல்ல. ஆலோசகரிடம் சொல்வது பொதுவாக வெளியே போகாது. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே மற்றவரிடம் பேசுவார். முதல் சந்திப்பிலேயே "இதை யாரிடம் சொல்வீர்கள்?" என்று கேட்டுத் தெரிந்துகொள்ள நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

மொழியும் முக்கியம். எண்களை ஆங்கிலத்தில் சொல்லிவிடலாம். கனவைச் சொல்ல முடியாது. தமிழ் தெரிந்த ஆலோசகர் கிடைக்காவிட்டால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். மகனையோ மகளையோ மொழிபெயர்க்க உட்கார வைப்பது நல்லதல்ல. பிள்ளைக்குத் தெரியக்கூடாது என்று நினைப்பதைத்தான் பெற்றோர் முதலில் மறைப்பார்கள்.

எங்கே போவது?

பலதுறை மருந்தகத்திலும் வட்டாரக் குடும்பச் சேவை நிலையத்திலும் தொடங்கலாம். தேக்காவுக்கு அருகே பீட்டி சாலையில் இருக்கும் சிண்டாவும் குடும்பங்களுக்கு வழிகாட்டுகிறது. 2025 ஜூன் முதல் 1771 என்ற தேசிய மனநல உதவி எண் 24 மணி நேரமும் இயங்குகிறது. உயிரை விடும் எண்ணம் வந்தால் 1767 என்ற எண்ணில் சமாரிட்டன்ஸ் அமைப்பை எந்நேரமும் அழைக்கலாம். வெளிநாட்டு ஊழியர்கள் ஹெல்த்சர்வ் அமைப்பின் 24 மணி நேர எண்ணான 3129 5000 மூலம் உதவி பெறலாம். உடனடி ஆபத்து என்றால் 995.

எல்லாருக்கும் நிபுணர் கிடைக்காத நாடுகளும் வழி கண்டிருக்கின்றன. ஆப்பிரிக்காவின் ஜிம்பாப்வேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல மருத்துவர் 2006ஆம் ஆண்டில் மருந்தகங்களின் வாசலில் மர பெஞ்சுகளைப் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமாரை உட்கார வைத்தார். மனச்சோர்வோடு வந்தவர்களின் பிரச்சினைகளை அவர்கள் ஒவ்வொன்றாகக் கேட்டு, தீர்க்கக்கூடிய ஒன்றை முதலில் எடுத்துக்கொள்ள உதவினார்கள். அந்த முறையால் பலன் இருந்ததை 2016ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு உறுதிசெய்தது. முறையாகப் பயிற்சி பெற்றால் சாதாரண மனிதரும் துணை நிற்க முடியும் என்பதற்கு அது சான்று.

அதற்கு வீட்டிலேயே தொடக்கம் இருக்கிறது. "மறந்துடு" என்ற சொல்லைக் கைவிடலாம். யாராலும் கட்டளைக்கு மறக்க முடியாது. "இன்னைக்கு ராத்திரி தூங்கினீங்களா அக்கா?" என்று கேட்கலாம். "சந்தைக்குப் போறேன், கூட வாறீங்களா?" என்று அழைக்கலாம். வர மறுத்தால் அடுத்த வாரம் திரும்ப அழைக்கலாம். பாதி வழியில் நின்றுவிட்டால் கடிந்துகொள்ளாமல், அங்கேயே ஐந்து நிமிடம் கூட நிற்கலாம். சிகிச்சையாளர் வாரத்துக்கு ஒரு மணி நேரம்தான் இருப்பார். மற்ற நேரமெல்லாம் அந்த அம்மாவோடு சாலையோரம் நிற்கப்போவது வீட்டு மனிதர்கள்தான்.